தொழில்நுட்பம் தெரியாதவர்கள் முன்னால் பேச வேண்டுமா? ஸ்லைடை அப்புறம் திறக்கலாம்

நிறுவன விழாவில் உங்கள் துறையைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டார்கள், வருபவர்களில் பாதிப் பேருக்கு அந்தத் துறையே புதிது. சரி, எங்கே தொடங்குவது?

முதல் படி சின்னதுதான். யார் வருகிறார்கள் என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். வாடிக்கையாளர்களா, முதலீட்டாளர்களா, ஊழியர்களின் குடும்பத்தாரா?

இரண்டாவது, "நம் வேலை ஒருநாள் நின்றால் இவர்களுக்கு முதலில் எது நிற்கும்?" என்று யோசியுங்கள். அந்தப் பதில்தான் தொடக்கம். டேட்டா சென்டரை, அதாவது சர்வர் கணினிகள் வரிசையாக இயங்கும் இடத்தை, குளிரூட்டும் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். சில்லர் (குளிரூட்டும் பெரிய இயந்திரம்), அதன் திறனைச் சொல்லும் டன் கணக்கு என்று ஆரம்பித்தால் எல்லாரும் போனை எடுத்துவிடுவார்கள். "சர்வர் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது, அதை அகற்றாவிட்டால் சர்வர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், உங்கள் போனில் பணம் அனுப்பும் ஆப் வேலை செய்யாது" என்று சொல்லிப் பாருங்கள். சில்லர் பிறகு வரட்டும், அவசரமில்லை.

மூன்றாவது படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்: எண்ணைக் கண்ணுக்குத் தெரியும் பொருளாக்குவது. அமெரிக்கக் கடற்படையில் இருந்த கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர், நானோ செகண்ட் (ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) என்றால் என்ன என்று விளக்க, சுமார் 30 செ.மீ. நீளக் கம்பித் துண்டுகளைக் கூட்டத்தில் கொடுப்பார். ஒரு நானோ செகண்டில் மின் சமிக்ஞை அதிகபட்சம் போகக்கூடிய தூரம் அவ்வளவுதான். அதைப் போல ஆயிரம் மடங்கான மைக்ரோ செகண்டுக்கு, ஏறத்தாழ 300 மீட்டர் கம்பிச் சுருளைத் தூக்கிக் காட்டுவார். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வர ஏன் தாமதம், கணினியை ஏன் சின்னதாகச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கம்பியைப் பார்த்தாலே புரிந்துவிடும். உங்கள் துறையிலும் இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும், பழுதான ஒரு உதிரிபாகம்கூடப் போதும். ஆனால் ஒன்றே ஒன்று. மேசை நிறைய அடுக்கினால் அது கண்காட்சி.

கலைச்சொற்களை முழுக்க ஒழிக்க வேண்டாம். அது என்ன வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிட்டு, பெயரை அப்புறம் சொல்லுங்கள். பலர் கடினமாகப் பேசுவது முன்வரிசையில் இருக்கும் சக பொறியாளர்களுக்காகத்தான் என்பது என் சந்தேகம்! அவர்களுக்கு உங்கள் திறமை ஏற்கெனவே தெரியும், விடுங்கள்.

கடைசியாக, துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் பேசிக் காட்டுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். அதனால் கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தை மாற்றி எழுதுங்கள். எளிமையாக்கியதில் ஏதாவது தப்பாகிவிட்டதா என்று ஒரு பொறியாளரிடமும் சரிபார்த்த பிறகு ஸ்லைடைத் திறக்கலாம்.