அப்டேட் ஆன டூரிங் பைக்கை வடசென்னை ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது எப்படி

ஷோரூமில் தரும் டெஸ்ட் ரைடு பெரும்பாலும் ஒரு யூ-டர்னோடு முடிந்துவிடும். பின்சீட்டில் ஒரு பையன் உட்கார்ந்துகொண்டு "லெஃப்ட் எடுங்க சார், அவ்ளோதான் சார், வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே வருவான். ஸ்கூட்டர் வாங்குபவருக்கு அது போதும். வேகத்துக்கும் நெடுந்தூரத்துக்கும் சேர்த்துச் செய்த ஸ்போர்ட் டூரிங் வண்டி, அதுவும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மாடலின் புது அப்டேட் என்றால், அந்த ஒரு ரவுண்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வண்டி நல்ல வண்டிதான் என்பது பழைய மாடலிலேயே தெரிந்த விஷயம். இப்போது தெரிய வேண்டியது ரெண்டே ரெண்டு: பழசுக்கும் புதுசுக்கும் நடுவில் என்ன மாறியிருக்கிறது, அந்த மாற்றம் நீங்கள் தினமும் போகிற ரோட்டில் உங்களுக்குத் தெரிகிறதா.

அதனால் முதல் வேலை வீட்டில்தான். பழைய மாடல், புது மாடல் ரெண்டின் விவரத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறிய வரிகளை மட்டும் ஒரு பேப்பரில் எழுதுங்கள். 2025 ஏப்ரலில் இருசக்கர வாகனங்களுக்கு ஓபிடி-2பி விதி (புகை அளவை வண்டியே கண்காணித்துக் கோளாறைச் சொல்ல வேண்டும் என்பது) அமலுக்கு வந்தது, அந்தச் சமயத்தில் 'புதிய 2025 மாடல்' என்று வந்த பல வண்டிகளில் உண்மையான மாற்றம் அந்த விதிக்கேற்ற சென்சார் வேலையும் ரெண்டு புது கலரும்தான். அப்படிப்பட்ட அப்டேட்டுக்கு நாள் முழுக்க டெஸ்ட் செய்ய ஒன்றுமில்லை, விலையை மட்டும் பாருங்கள்.

சிலது அப்படி இல்லை. டோமினார் 400-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அதே 373 சிசி இன்ஜின், அதே 40 பிஎஸ், ஆனால் 2025-ல் ரைடு-பை-வயர் (கேபிளுக்குப் பதில் சென்சார் வழியாக வேலை செய்யும் ஆக்சிலேட்டர்) வந்துவிட்டது, கூடவே ரோடு, ரெயின், ஸ்போர்ட், ஆஃப்-ரோடு என்று நாலு மோட். பேப்பரில் பவர் மாறவில்லை, கையில் ஆக்சிலேட்டர் மாறியிருக்கும். கவாசாகி நின்ஜா 1000எஸ்எக்ஸ், 1100எஸ்எக்ஸ் ஆனபோது நடந்தது வேறு மாதிரி: 1043 சிசி 1099 ஆனது, ஆனால் பவர் 142 பிஎஸ்ஸிலிருந்து 136-க்கு இறங்கியது, டார்க் (இன்ஜினின் இழுவை) 111-லிருந்து 113 நியூட்டன் மீட்டர், அதுவும் முன்பைவிடக் குறைந்த ஆர்பிஎம்மில். அஞ்சாவது, ஆறாவது கியரை நீளமாக்கினார்கள், அதாவது அதே வேகத்தில் இன்ஜின் மெதுவாகச் சுழலும், கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்ற உதவும் குவிக்ஷிஃப்டர் 1500 ஆர்பிஎம்மிலேயே வேலை செய்யும்படி ஆக்கினார்கள். பவர் குறைஞ்சுபோச்சே என்று புலம்பியவர்கள் நிறைய பேர். நம்ம ஊர் டிராஃபிக்கில் பத்தாயிரம் ஆர்பிஎம்மை யார் தொடப் போகிறார்கள்? மாறிய வரியை எழுதும்போதே அது எந்த வேகத்தில், எந்த ரோட்டில் தெரியும் என்றும் எதிரில் எழுதிவிடுங்கள். அதுதான் உங்கள் டெஸ்ட் ரூட்.

அடுத்தது, இதைப் பலர் செய்வதே இல்லை: பழைய மாடலையும் அதே நாளில் ஓட்டுங்கள். போன மாதம் நண்பர் வண்டியை ஓட்டிய ஞாபகத்தை வைத்துப் புதுசை எடை போட்டால் புதுசுதான் ஜெயிக்கும், ஏனென்றால் புது வண்டியின் செயின், டயர், கிளட்ச் கேபிள் எல்லாமே புதுசு. ரைடர்ஸ் குரூப்பில் கேட்டால் பழைய மாடல் வைத்திருப்பவர் ஒருவராவது கிடைப்பார், அவருக்கும் புதுசை ஓட்டிப் பார்க்க ஆசை இருக்கும், ரெண்டு பேரும் மாற்றி மாற்றி ஓட்டலாம். ரெண்டு வண்டிக்கும் காற்றை மட்டும் ஒரே அளவுகோலில், கம்பெனி சொன்ன அழுத்தத்துக்கு, டயர் சூடாகும் முன் சரிபார்த்துவிடுங்கள். காற்று குறைவாக இருந்தால் சஸ்பென்ஷனைப் பற்றி நீங்கள் சொல்வதெல்லாம் தப்பாகிவிடும்.

ஷோரூமில் நீண்ட ரைடு கேட்கத் தயங்காதீர்கள். சனி, ஞாயிறு கூட்டத்தில் கேட்டால் கிடைக்காது, வார நாளில் காலையில் கடை திறந்ததும் போய்க் கேளுங்கள். இல்லை என்றால் வாடகைக்கு விடுபவர்களிடம் அந்த மாடல் இருக்கிறதா பாருங்கள், பல லட்சம் போடுகிற இடத்தில் ஒரு நாள் வாடகை பெரிய காசு இல்லை. ஷோரூம் வண்டி என்றால் சிவப்புத் தகட்டில் வெள்ளை எழுத்தில் நம்பர் இருக்கும், இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா, கீழே போட்டால் யார் பொறுப்பு என்பதைக் கையெழுத்து போடும் முன் படித்துவிடுங்கள்.

ரூட்டுக்கு வருவோம். ராயபுரத்தில் ஆரம்பித்து காசிமேடு, எண்ணூர் விரைவுச்சாலை, திரும்பி திருவொற்றியூர் வழியாக மணலி, மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி, தச்சூர் கூட்டுரோட்டில் ஜி.என்.டி. சாலையை (சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலை) பிடித்து காரனோடை, செங்குன்றம், புழல், மாதவரம், மூலக்கடை. 100 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். இந்தியாவில் ஒரு டூரிங் வண்டி படக்கூடிய பாட்டில் முக்கால்வாசி இதிலேயே வந்துவிடும், மலை வளைவு ஒன்றுதான் கிடையாது.

முதலில் சூடு. ஒரு டூரிங் வண்டியை நம்ம ஊரில் வாங்கலாமா வேண்டாமா என்பதை என்னைக் கேட்டால் இதுதான் முடிவு செய்யும். எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும் நேரமாகப் பார்த்து, வெயில் ஏறிய பிறகு போங்கள். காலை ஆறு மணிக்குக் கடல் காற்றில் ஓட்டிவிட்டு "சூடே இல்லப்பா" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். முதல் கியரிலும் ரெண்டாவது கியரிலும் கால் மணி நேரமாவது ஊர்ந்து போக வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் எப்போது ஓட ஆரம்பிக்கிறது, ஓடியதும் அந்தச் சூடான காற்று எங்கே வருகிறது, முழங்காலுக்கா, தொடைக்கா, வலது பாதத்துக்கா, இல்லை வண்டியின் முன்பக்கத்தை மூடியிருக்கும் ஃபேரிங் அதை வெளியே தள்ளிவிடுகிறதா என்று கவனியுங்கள். சில அப்டேட்டில் ஃபேரிங் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றியிருப்பார்கள், விவரத்தாளில் அது ஒரு வரியாகக்கூட இருக்காது, ஆனால் காலுக்கு நன்றாகத் தெரியும். அப்போதே கிளட்ச்சையும் பாருங்கள். இடது கை விரல் வலிக்கிறதா, நியூட்ரல் சுலபமாக விழுகிறதா, சூடான பிறகும் விழுகிறதா. ஆக்சிலேட்டரைத் துளி திறந்து மூடும்போது வண்டி வெடுக்கென்று இழுக்கிறதா என்பது இங்கேதான் தெரியும். மோட் இருக்கும் வண்டியில் ரெயின் மோடுக்கு மாற்றி இதே ஊர்தலைச் செய்யுங்கள், பல வண்டிகளில் மழைக்கு வைத்த மோடுதான் டிராஃபிக்குக்குச் சுகமாக இருக்கும். குவிக்ஷிஃப்டர் இருந்தால், ரெண்டிலிருந்து மூணுக்கு மெதுவான வேகத்தில் போட்டுப் பாருங்கள். வேகத்தில் எல்லா குவிக்ஷிஃப்டரும் வெண்ணெய் மாதிரிதான் விழும்.

காசிமேடு பக்கம் மீன் வண்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் ரோட்டில் ஒழுகியிருக்கும், எண்ணூர் பக்கம் லாரியிலிருந்து விழுந்த மணலும் சாம்பலும் ஓரத்தில் சேர்ந்திருக்கும். பின்சக்கரம் வழுக்கும்போது பவரைக் குறைக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் புதிதாக வந்த வண்டி என்றால் அதைத் தேடிப் போய்ச் சோதிக்க வேண்டாம், இந்த ரோட்டில் போனால் அதுவே தானாக வேலை செய்யும், விளக்கு மினுக்கும்போது வண்டி முட்டித் தள்ளுகிறதா இல்லை நாசூக்காகப் பவரைக் குறைக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். புது டயராக இருந்தால் முதல் 100 கிலோமீட்டருக்கு வழுக்கல் இருக்கும், அதை வண்டியின் குணம் என்று எழுதிவிடாதீர்கள், சாய்க்கவும் செய்யாதீர்கள்.

பிரேக்கை, பின்னால் யாரும் வராத நேராக இருக்கும் உள்ரோட்டில் பாருங்கள். 30-ல் ஆரம்பித்து 50 வரை, முன்பிரேக் மட்டும், பின்பிரேக் மட்டும், அப்புறம் ரெண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் சீக்கிரமே குறுக்கிட்டு வண்டியை ஓடவிடுகிறதா என்பதுதான் கேள்வி. பழைய வண்டியையும் அதே கோட்டிலிருந்து பிடித்து எங்கே நின்றது என்று சாக்பீஸில் குறித்தால், டிஸ்க்கின் அளவு கூடியிருக்கிறது என்று கம்பெனி சொல்வதன் மதிப்பு தெரிந்துவிடும். எதிரில் சைக்கிளில் ஒரு தாத்தா வந்தாலும் அந்த முறை விட்டுவிடுங்கள்.

சஸ்பென்ஷனுக்கு மணலி ரோடு. டேங்கர் லாரி ஓடி ஓடித் தார் அலையாக எழும்பி நிற்கும் இடங்கள் உண்டு, பள்ளத்தைவிட இந்த அலைதான் வண்டியை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். ஒருமுறை குதித்து அடங்கினால் சரி, ரெண்டு மூன்று முறை ஆடிக்கொண்டே போனால் பின் ஷாக்கின் டேம்பிங், அதாவது ஆட்டத்தை அடக்கும் திறன், போதவில்லை. தனியாக ஒருமுறை, பின்னால் ஆள் வைத்து ஒருமுறை. பின்னால் உட்காருபவர் உங்கள் வீட்டில் வழக்கமாக உட்காருபவராகவே இருக்கட்டும், மனைவியோ தம்பியோ. அவர்கள் எடைக்கு ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் இறுக்கத்தை) ஏற்ற முடிகிறதா, கையால் திருகுகிற குமிழா, இல்லை ஸ்பேனர் எடுத்துக் குனிய வேண்டுமா என்று பாருங்கள், ஸ்பேனர் என்றால் வாங்கிய பிறகு யாரும் தொடப்போவதில்லை. அரைமணி நேரம் கழித்து அவர்களை இறங்கச் சொல்லி, முட்டி எப்படி இருக்கிறது, பிடித்துக்கொள்ளக் கம்பி கைக்கு வந்ததா என்று கேளுங்கள். "பரவாயில்ல" என்று இழுத்துச் சொன்னால் அந்த சீட் வேண்டாம் என்று அர்த்தம். ஆள் வைத்தபடியே உயரமான வேகத்தடை ஒன்றில் மெதுவாக ஏறி இறங்குங்கள், அடி தட்டினால் சத்தம் கேட்கும்.

தச்சூரில் ஜி.என்.டி. சாலை ஏறியதும்தான் வண்டி மூச்சு விடும், ஓட்டுபவருக்கும் கை சும்மா இருக்காது. ஆனால் நாலு வழிச் சாலையில் பைக்குக்கு அனுமதித்த வேகம் 80, நகரத்துக்குள் 50. இதை உபதேசமாகச் சொல்லவில்லை, டெஸ்ட்டுக்கே இதுதான் சரியான வேகம். பெங்களூரோ நெல்லூரோ போகும்போது நீங்கள் மணிக்கணக்காக இருக்கப் போவது இந்த வேகத்தில்தான். 80-ல் கடைசி கியரில் ஹேண்டில்பார் அதிருகிறதா, கண்ணாடியில் பின்னால் வரும் லாரியின் நம்பர் தெரிகிறதா, இல்லை கலங்கலாக இருக்கிறதா. அப்புறம் கடைசி கியரிலேயே 50-க்கு இறங்கி, கியர் மாற்றாமல் முறுக்குங்கள். இன்ஜின் தட்டாமல் ஏறினால் அந்த டார்க் கணக்கு உண்மை. கியரை நீளமாக்கிய அப்டேட்டில் இதைக் கட்டாயம் பாருங்கள், 120-ல் சாவகாசமாக ஓட வேண்டும் என்று வைத்த கியர் 60-ல் திணறினால் நமக்கு நஷ்டம்தான். க்ரூஸ் கன்ட்ரோல் பட்டனைக் கிளவுஸ் போட்ட கையால், கீழே பார்க்காமல் போட முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நல்லூர் டோல்கேட்டில் பைக்குக்குக் கட்டணம் இல்லை, இடது ஓர வழியில் போய்விடலாம்.

காற்றுக்குத் திரும்ப எண்ணூர்தான். மதியத்துக்கு மேல் வடக்கு நோக்கிப் போனால் கடல் காற்று வலது பக்கத்திலிருந்து அடிக்கும், பெரிய ஃபேரிங் வண்டியைத் தள்ளும், டிரெய்லரைத் தாண்டி வெளியே வரும் நொடியில் இன்னும் தள்ளும். முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடியை உயர்த்தி ஒருமுறை, இறக்கி ஒருமுறை ஓட்டுங்கள். ஹெல்மெட் தலையோடு சேர்ந்து ஆடினால், உங்கள் உயரத்துக்கு அந்தக் கண்ணாடி சரியில்லை. நண்பருக்குச் சரியாக இருந்தது என்பதெல்லாம் கணக்கில்லை.

பக்கப் பெட்டி மாட்டப் போகிறீர்கள் என்றால் மாட்டியே ஓட்டிப் பாருங்கள், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மெட்ரோ தூண்களுக்கு நடுவே ஒரு யூ-டர்ன் போட்டால் அகலமும் ஹேண்டில் திரும்பும் அளவும் சேர்த்தே புரிந்துவிடும். ஹெட்லைட்டை இருட்டிய பிறகு செங்குன்றம் தாண்டிப் பார்க்க வேண்டும், பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நிற்கும் லாரி எவ்வளவு தூரத்தில் கண்ணில் படுகிறது என்பதுதான் அளவு. மைலேஜுக்கு மீட்டர் காட்டுவதை நம்பாமல், ஒரே பங்க்கில் டேங்க் நிரப்பிக் கிளம்பி, திரும்பி வந்து அதே பம்ப்பில் நிரப்பிக் கணக்குப் போடுங்கள்.

இதெல்லாம் முடிந்ததும், முதலில் எழுதிய பேப்பரில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'தெரிந்தது', 'தெரியவில்லை' என்று குறியுங்கள். தெரியவில்லை என்பதே அதிகம் என்றால், பழைய மாடல் ஸ்டாக் எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று விசாரியுங்கள், நன்றாகவே பேரம் பேசலாம். எடுக்கும் முன் டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள், 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். கடலோரக் குடோனில் நெடுநாள் நின்ற வண்டியாக இருந்தால் போல்ட் தலைகளிலும் செயினிலும் சைலன்சர் மூட்டுகளிலும் துரு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, புது பேட்டரி போட்டுக் கொடுத்தால்தான் எடுப்பேன் என்று சொல்லிவிடுங்கள்.