‘டக் டக்’ மட்டும் கேட்குது, செல்ஃப் சுத்தலையா? மோட்டாரைக் கழற்றுமுன் இதைப் பாருங்கள்

தேனி மாவட்டம் கம்பத்தில் என் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை ஷட்டரை விடியக்காலை நாலரைக்கு யாராவது தட்டினால், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்காரர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கம்பம்மெட்டு வழியாக மலையேற வேண்டிய நேரம் அது. வண்டி நின்றுவிட்டால் பின்னால் தூக்குவாளியோடு உட்கார்ந்திருக்கும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அன்றைய கூலி போச்சு. அதனால்தான் இந்தப் பழுதை மட்டும் நான் அவசரப்பட்டுப் பார்ப்பதே இல்லை. அவசரத்தில், எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரை மாற்றிவிட்டு மறுநாளும் தள்ளி ஸ்டார்ட் செய்தவர்கள் நிறையப் பேர்.

முதலில் காதைக் கொடுங்கள். சாவியைத் திருப்பும்போது ஹெட்லைட்டும் எரியட்டும்.

கடகடவென்று தொடர்ந்து தட்டி, லைட்டும் மங்கினால் பேட்டரி டவுன், அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. செல்ஃபுக்குக் கரண்ட் கொடுக்கும் மின்காந்த சுவிட்சான சொலினாய்டு உள்ளே இழுக்கிறது, மோட்டாருக்குக் கரண்ட் பாய்கிறது, அந்த லோடில் வோல்டேஜ் விழுந்து சொலினாய்டு விட்டுவிடுகிறது. லோடு போனதும் வோல்டேஜ் ஏறி மறுபடி இழுக்கிறது. அதுதான் அந்தக் கடகடப்பு. ஒரே ஒரு ‘டக்’, லைட் அப்படியே பளிச்சென்று இருக்கிறது என்றால் மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை. ஒரே ‘டக்’கோடு லைட் நன்றாக மங்கினால் கரண்ட் போகிறது, ஆனால் ஏதோ இறுகிக் கிடக்கிறது: மோட்டாராக இருக்கலாம், எஞ்சினாகவும் இருக்கலாம்.

கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட்பிரேக் போடுங்கள், சக்கரத்துக்குக் கல் அணை கொடுங்கள். எங்கள் ஊர்ச் சரிவில் இதைச் சொல்லாமல் வேலை தொடங்க மாட்டேன்.

அடுத்து மல்டிமீட்டர். சும்மா இருக்கும் பேட்டரியில் 12.6 வோல்ட் வந்தால் முழு சார்ஜ். 12-க்குப் பக்கத்தில் நின்றால் கிட்டத்தட்ட காலி, முதலில் சார்ஜ் போடுங்கள். ஆனால் சும்மா இருக்கும்போது 12.6 காட்டுகிற செத்த பேட்டரியும் உண்டு. ஆகவே ஒருவர் சாவியைத் திருப்ப, நீங்கள் மீட்டரைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். மீட்டர் முனையை டெர்மினல் கிளாம்ப் மேல் வைக்காமல் பேட்டரியின் ஈயக் குமிழ் மேலேயே வையுங்கள். கிளாம்புக்கும் குமிழுக்கும் நடுவில் பூத்திருக்கும் உப்புதான் பாதி நேரம் குற்றவாளி. நெகட்டிவை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீர் ஊற்றி, பளபளவென்று வரும்வரை தேய்த்துத் துடையுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

இனி எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவை சேசிஸோடும் எஞ்சினோடும் சேர்க்கும் இணைப்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு மார்கழி விடியலில் வந்த டீசல் ஜீப். “அண்ணே, புது பேட்டரி போட்டாச்சு, செல்ஃபும் வேற இடத்துல மாத்திட்டாங்க, இன்னமும் கடகடங்குது” என்றார் டிரைவர், குரல் கம்மி. கடகடப்பு கேட்டது, ஆனால் ஹெட்லைட் கொஞ்சமும் மங்கவில்லை. பேட்டரி டவுன் என்றால் லைட்டும் மங்கியிருக்கும். அங்கேயே எனக்குப் பொறி தட்டியது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் குமிழிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடத்திலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னேன். கால் வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் எண் துள்ளித் துள்ளி 5, 6 என்று காட்டியது. ஆக்சிலேட்டர் கேபிளைத் தொட்டால் சூடு! போக வழியில்லாத கரண்ட் அந்த மெல்லிய கம்பி வழியாக ஓடியிருக்கிறது. ஜம்பர் கேபிள் ஒன்றை நெகட்டிவிலிருந்து நேராக பிளாக்குக்குக் கொடுத்தேன். ஒரே சுற்றில் வண்டி கிளம்பிவிட்டது. பிறகு கீழே படுத்துப் பார்த்தால், கியர்பாக்ஸிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டை வெளியே நல்லாத்தான் இருக்கிறது. பட்டை நுனியில் போல்ட் மாட்டும் லக்கை ஒட்டி உறையைக் கீறினேன். உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. சில நூறு ரூபாய்ப் பட்டைக்காக அந்த மனுஷன் புது பேட்டரியும் புது மோட்டாரும் வாங்கியிருக்கிறார். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

பாசிட்டிவ் பக்கமும் இதேபோல்: பேட்டரி குமிழுக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் நடுவில், சாவி திருப்பியிருக்கும்போது, அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த கேபிளை மாற்றுங்கள்.

இதெல்லாம் சரி என்றால்தான் செல்ஃபைப் பார்க்க வேண்டும். சொலினாய்டில் இரண்டு பெரிய போல்ட் இருக்கும். ஒன்று பேட்டரியிலிருந்து வருவது, மற்றது மோட்டாருக்குள் போவது. ‘டக்’ கேட்கும்போது முதலாவதில் 12 வோல்ட் இருந்து இரண்டாவதில் ஒன்றும் வரவில்லை என்றால் உள்ளே இருக்கும் செம்புக் காண்டாக்ட் தீய்ந்துவிட்டது. இரண்டாவதிலும் முழு வோல்டேஜ் வந்து மோட்டார் அசையவில்லை என்றால் மோட்டாருக்குள் சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். மோட்டார் உடம்பில் சுத்தியல் கட்டையால் லேசாகத் தட்டிக்கொண்டே சாவியைத் திருப்பிப் பாருங்கள். சுற்றிவிட்டால் கார்பன்தான் என்று உறுதி. அது வீடு போய்ச் சேரும் வைத்தியம், அவ்வளவுதான். சொலினாய்டுக்கு வரும் சின்ன ஒயரில் வோல்டேஜ் குறைவாக வந்தால் இக்னிஷன் சுவிட்ச், ரிலே பக்கம் போங்கள்.

சொலினாய்டின் அந்தப் பெரிய போல்ட் இரண்டையும் ஸ்க்ரூடிரைவரால் இணைக்கும் வித்தையைத் தெருவில் பார்த்திருப்பீர்கள். தீப்பொறி பறக்கும், கையைச் சுடும். பக்கத்தில் இருப்பது ஹைட்ரஜன் விடும் பேட்டரி. மீட்டர் இருக்கும்போது அது வேண்டவே வேண்டாம்.

வண்டி வெள்ளத் தண்ணீரில் நின்றிருந்தால் மேலே சொன்ன எதையும் தொடாதீர்கள், சாவியையும் திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் செல்ஃப் ‘டக்’கென்று நின்றுவிடும். தள்ளி ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டு எஞ்சின் சுற்றும் திசையில் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். முட்டினால் அதோடு விட்டுவிடுங்கள். பெட்ரோல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக்கையும் டீசலுக்கு இன்ஜெக்டரையும் மெக்கானிக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் செல்ஃபின் பேச்சு.