எலும்பு ஊசி போட்டவருக்குப் பல் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரில் என் கிளினிக்குக்குப் படிப்பு முடித்த கையோடு உதவிக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பல் எடுக்கும் லாவகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வயதில் நாங்கள் எங்கே சறுக்கினோமோ, அதே இடத்தில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். அலர்ஜி கேட்பது, எந்தப் பல் என்று எக்ஸ்ரேயை இன்னொரு முறை பார்ப்பது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அதெல்லாம் கல்லூரியிலேயே மண்டையில் ஏறியிருக்கும். நான் சொல்ல வருவது, எலும்புக்கு மருந்து எடுப்பவர்களுக்குப் பல்லைப் பிடுங்கிய பிறகு தாடை எலும்பு செத்துப்போகும் சங்கதி.

சோலிட்ரோனிக் ஆசிட், அலன்ட்ரோனேட், டெனோசுமாப் போன்ற மருந்துகள் எலும்பு கரைவதைத் தடுப்பவை. எலும்பு மெலிந்தவர்களுக்கு இடுப்பு முறியாமல் காக்கும்; எலும்புக்குப் பரவிய புற்றுநோயில் முறிவையும் வலியையும் குறைக்கும். நல்ல மருந்துகள்தான். ஆனால் பல் எடுத்த குழி ஆற வேண்டுமென்றால் பழைய எலும்பு கொஞ்சம் கரைந்து புதியது வளர வேண்டும். அந்த வேலை முடங்கிக் கிடக்கும்போது வாயில் இருக்கும் கிருமியும் சேர்ந்துகொண்டால், குழி மூடாமல் எலும்பு வெளியே தெரியும். 8 வாரத்துக்கு மேலும் அப்படியே இருந்து, தாடைக்குக் கதிர்வீச்சும் கொடுக்கவில்லை, தாடைக்குப் புற்றும் பரவவில்லை என்றால், மருந்தால் தாடை எலும்பு செத்துப்போகும் அந்தச் சங்கதி இதுதான். மருத்துவ உலகம் இதை முதலில் கண்டு எழுதியது 2003இல். (அதற்கும் வெகு காலம் முன்பு, ஐரோப்பியத் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் புகையில் நின்றவர்களுக்கும் இப்படித்தான் தாடை அழுகியது. 1906இல் பெர்ன் நகரில் ஒப்பந்தம் போட்டு அந்தப் பாஸ்பரஸைத் தடை செய்தார்கள்.)

"மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று மட்டும் கேட்பது

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா வந்தார், மகனும் மருமகளும் கூட. கீழ்க் கடைவாய்ப் பல்லை வேறோர் இடத்தில் எடுத்து மூன்று மாதம் ஆகிறது. "குழி மூடவே மாட்டேங்குது டாக்டர், நாக்குல சொரசொரன்னு படுது." கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். நாக்குப் பக்கமாக உளுந்து அளவுக்கு எலும்பு எட்டிப் பார்க்கிறது, பழுத்த மஞ்சள் நிறத்தில். சுற்றிலும் ஈறு சிவந்திருக்கிறது. லேசாக அழுத்தினால் சீழ்.

பக்கத்தில் நின்ற ஜூனியர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "சுகருக்கும் பிரஷருக்கும் போடுறேன் பாப்பா, வேற ஒன்னுமில்ல." கேஸ் ஷீட்டிலும் அப்படியே ஏறிவிட்டது. பல்லை எடுத்த இடத்திலும் இதே கேள்வி, இதே பதிலாகத்தான் இருந்திருக்கும்.

மருமகளைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டேன்: "பெரியம்மா, கையில பாட்டில் ஏத்திக்க எங்கயாவது போறீங்களா?" அவர் மகனைப் பார்த்தார். மகன் தலையாட்டினார். அப்புறம்தான் மஞ்சள் பையின் அடியிலிருந்து ஃபைல் வந்தது. மார்பகப் புற்று, முதுகெலும்புக்குப் பரவியிருக்கிறது. மாதா மாதம் புதுச்சேரிக்குப் பஸ் ஏறிப் போய் 4 மில்லிகிராம் சோலிட்ரோனிக் ஆசிட் ஏற்றிக்கொள்கிறார். "முட்டிக்கு ஊசி போட்டுக்கப் போறேன்னுதான் வீட்ல சொல்லியிருக்கோம். மருமவ வீட்டுக்குத் தெரிஞ்சா நல்லா இருக்காதுன்னு."

அவர் பொய் சொல்லவில்லை. கேட்டது மாத்திரையைப் பற்றி. பாட்டிலில் ஏறுவது மாத்திரை இல்லை. அதோடு, நாலு பேர் காதில் விழும்படி கேட்டால் புற்றுநோயைப் பற்றி நம் ஊரில் யார் வாய் திறப்பார்கள்? இன்றைக்கும் ஷீட்டில் 'வேறு மருந்து இல்லை' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்த ஒரு வரியால் அந்த அம்மா மாதக்கணக்கில் வாய் கொப்பளித்து, ஆன்டிபயாடிக் விழுங்கி, கஞ்சியும் ரசம் சாதமுமாகக் காலம் தள்ளி, கடைசியில் செத்த எலும்புத் துண்டை எடுத்த பிறகுதான் குழி மூடியது.

நான் கேட்கச் சொல்வது இப்படி. வாரத்தில் ஒரே நாள், காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்கக் கூடாது என்று சொன்ன மாத்திரை உண்டா? (அலன்ட்ரோனேட் 70, ரிசெட்ரோனேட் 35.) ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கு அடியில் ஊசி உண்டா? (டெனோசுமாப் 60.) வருஷத்துக்கு ஒரு முறை பாட்டில் ஏற்றினார்களா, மறுநாள் காய்ச்சலும் உடம்பு வலியுமாக இருந்ததா? மருந்தின் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. ஆனால் அந்தக் காய்ச்சலையும், படுக்காமல் உட்கார்ந்திருந்ததையும் மறக்க மாட்டார்கள். 'இப்போது' என்று கேட்காதீர்கள், 'எப்போதாவது' என்று கேளுங்கள். அலன்ட்ரோனேட்டும் சோலிட்ரோனிக் ஆசிடும் எலும்பில் வருஷக்கணக்கில் தங்கும். புற்றுநோய்க் கேள்வியைத் தனியாக அழைத்துக் கேளுங்கள், முடிந்தால் பழைய சீட்டு எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

"நாலு நாள் மருந்தை நிறுத்திட்டு வாங்க"

ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையோடு போட்டுக் குழப்பிக்கொள்வதால் வரும் வார்த்தை இது. குழம்பில் கரைந்த உப்பை நாலு நாளில் எடுக்க முடியுமா? எலும்பில் ஏறிய அலன்ட்ரோனேட்டும் அப்படித்தான். டெனோசுமாப் கதை வேறு. அது எலும்பில் தங்காது, ஆறு மாதத்தில் வேகம் இறங்கிவிடும். அதற்காக அடுத்த ஊசியைத் தள்ளிப்போட்டால் எலும்பு கிடுகிடுவென்று கரையத் தொடங்கி முதுகெலும்பு வரிசையாக நொறுங்கக்கூடும். அவசரமில்லாத பல் என்றால், கடைசி ஊசி போட்டு 3, 4 மாதம் கழித்து எடுங்கள். புண் ஆற 6 முதல் 8 வாரம் விட்டு அடுத்த ஊசி போட்டுக்கொள்ளலாம், தேதியும் பெரிதாகத் தவறாது. எதையும் மருந்து எழுதிய டாக்டரிடம் ஒரு போன் பேசாமல் முடிவு செய்யாதீர்கள்.

பயந்துபோய்ப் பல்லைத் தொடவே மறுப்பது

விஷயம் தெரிந்த ஜூனியர்கள் இந்தப் பக்கம் சாய்கிறார்கள். அமெரிக்க வாய், முக அறுவை மருத்துவர் சங்கத்தின் 2022 அறிக்கைப்படி, எலும்பு மெலிவுக்காக அலன்ட்ரோனேட் மாதிரியான மருந்து எடுப்பவர்களில் இது வருவது 10,000 பேருக்கு 2 முதல் 5 பேருக்குத்தான். டெனோசுமாபில் அதைவிடக் கூடுதல், புற்றுநோய்க்காக ஏற்றிக்கொள்பவர்களில் இன்னும் பல மடங்கு, அங்கேயும் 100க்கு 5க்குக் கீழே. வாராவாரம் மாத்திரை போடும் பாட்டியைப் பயமுறுத்தி அனுப்பினால், அவர் மாத்திரையை நிறுத்திவிட்டு இடுப்பை உடைத்துக்கொள்வார். சீழ் கோத்த பல்லை விட்டுவைத்தாலும் அந்தக் கிருமியாலேயே எலும்பு கெடும். காப்பாற்றக்கூடிய பல் என்றால் ரூட் கேனால் செய்யுங்கள். மேலே உடைந்து வேர் மட்டும் நின்றாலும், புற்றுநோய் நோயாளிக்கு வேருக்கு ரூட் கேனால் செய்து உள்ளேயே விடலாம். தேறாத பல்லை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஒரே நாளில் நாலு பக்கமும் பிடுங்குவது

கூடாது. ஓரிடம் ஆறட்டும்.

கூர் எலும்பை அப்படியே விட்டுத் தைக்காமல் அனுப்புவது

குழியின் விளிம்பைத் தடவிப் பாருங்கள், குத்தினால் மழித்துவிடுங்கள். ஈறை இழுத்து மூடித் தையல் போடுங்கள். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு, தேவைப்படுபவருக்கு ஆன்டிபயாடிக். புகையிலை கூடவே கூடாது, வெற்றிலையோடு சேர்த்துப் போடுவதும் புகையிலைதான்.

சிடிஎக்ஸ் (எலும்பு கரையும் வேகத்தைக் காட்டும்) ரத்தப் பரிசோதனையை நம்பி முடிவெடுப்பது

காசுக்குக் கேடு.

பல் செட்டை மறப்பது

பல்லே எடுக்காமலும் இது வரும். தளர்ந்த செட் ஈறில் உரசிப் புண்ணாக்குவதே போதும்.

ஆறவில்லை என்று திரும்பத் திரும்பச் சுரண்டுவது

பல் எடுத்த சில நாளில் உயிர் போகிற மாதிரி வலித்தால் அது காய்ந்த குழியாக (ரத்தக் கட்டி கலைந்துபோன குழி) இருக்கலாம், மருந்து வைத்தால் அடங்கும். வாரங்கள் கடந்தும் எலும்பு தெரிகிறது, சீழ் வருகிறது, கீழ் உதடு மரத்திருக்கிறது என்றால் சுரண்டாதீர்கள். சுரண்டச் சுரண்ட இன்னும் கொஞ்சம் எலும்பு வெளியே வரும், அவ்வளவுதான். எக்ஸ்ரே எடுத்து, மருந்துச் சீட்டுகளையும் பல் எடுத்த தேதியையும் சேர்த்து, புதுச்சேரி கோரிமேட்டுப் பல் மருத்துவக் கல்லூரிக்கோ சிதம்பரம் அண்ணாமலை நகருக்கோ வாய், முக அறுவைப் பிரிவுக்கு எழுதி அனுப்புங்கள். புற்றுநோய் இருந்தவர் என்றால் அதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். தாடைக்கே பரவியிருக்கிறதா என்று அவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.