ஜமுக்காளக் கடை வெப்சைட்டுக்குக் காசில்லாமல் ஆள் வரவைப்பது

பவானியில் பெரியப்பாவின் ஜமுக்காளக் கடைக்கு வெப்சைட் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. விளம்பரத்துக்கென்று அவரிடம் ஒரு ரூபாய் பெயராது. “சரக்கு நல்லா இருந்தா அவங்களே வருவாங்க கண்ணு” என்பார். அதனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் இலவச வழிகள்தான். எது பலன் தரும், எது நேரத்தைத் தின்னும் என்று சொல்கிறேன். நீங்கள் விற்பது ஊறுகாயானாலும் டியூஷனானாலும் முறை பெரிதாக மாறாது.

உங்கள் தளம் இருப்பதே கூகுளுக்குத் தெரியுமா என்று முதலில் பாருங்கள். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘site’ என்று அடித்து, முக்காற்புள்ளி (:) வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் முகவரியை எழுதுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வந்தால் நல்லது. ஒன்றும் வராவிட்டால், வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்கள் நேராக செட்டிங்ஸில் ரீடிங் பகுதிக்குப் போங்கள். தேடுபொறிகள் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லும் டிக் பெட்டி ஒன்று அங்கே இருக்கும். தளம் கட்டும்போது அதில் டிக் போட்டுவிட்டு, எடுக்காமலே ஒப்படைத்துவிட்டுப் போகிற டெவலப்பர்கள் உண்டு.

அடுத்தது கூகுள் சர்ச் கன்சோல், உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கருவி. முழுக்க இலவசம். தளம் உங்களுடையது என்று உறுதிசெய்துவிட்டு, சைட்மேப் (தளத்திலுள்ள பக்கங்களின் பட்டியல்) முகவரியைக் கொடுங்கள். வேர்ட்பிரஸ் 5.5 வந்ததிலிருந்து சைட்மேப் தானாகவே உருவாகிவிடுகிறது. பிங் தேடுபொறியின் வெப்மாஸ்டர் கருவியில் இதே விவரங்களை சர்ச் கன்சோலிலிருந்து அப்படியே இழுத்துக்கொள்ளலாம், கூடுதல் வேலை இல்லை.

இனிதான் உண்மையான வேலை. கடை போன் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். கூப்பிடுகிறவர்கள் கேட்கும் கேள்வியை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். எங்கள் நோட்டில் இருப்பவை இப்படி: “பத்துப் பேர் உக்கார எந்த சைஸ் எடுக்கோணும்?” “வாஷிங் மெஷின்ல போடலாமா?” “சாயம் போகுமா?” “கூரியர்ல அனுப்பினா எத்தனை கிலோ வரும்?” போனில் ஒருவர் கேட்பதைத்தான் கூகுளில் நூறு பேர் தேடுவார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் தனிப் பக்கம் எழுதுங்கள். பதிலை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள், நீட்டி முழக்க வேண்டாம். ‘பாரம்பரியமிக்க, தரமான, நம்பிக்கையான’ என்று எங்கள் பழைய முகப்பில் இருந்ததே, அந்த வார்த்தைகளைப் போட்டு யார் ஜமுக்காளம் தேடப் போகிறார்கள்?

நோட்டில் அடிக்கடி வந்த இன்னொரு கேள்வி, “இது கைத்தறியா, மிஷின் தறியா?” இதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே எழுதினேன். 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ரகங்கள் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஜமுக்காளமும் இருப்பது, 2005-06-இல் பவானி ஜமுக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, தறியில் எடுத்த படங்கள் எல்லாம் அதில் உண்டு. படித்தவர் எல்லாரும் வாங்கிவிடுவதில்லை. ஆனால் கைத்தறி பற்றி எழுதுகிறவர்கள் தானாக முன்வந்து லிங்க் கொடுப்பது இந்த மாதிரிப் பக்கத்துக்குத்தான். விலைப்பட்டியலுக்கு யாரும் லிங்க் கொடுப்பதில்லை. பிற தளங்கள் லிங்க் கொடுத்தால், தேடலில் நம் பக்கம் மேலே வர அது உதவும்.

பக்கத்தின் தலைப்பில் கை வைக்காமல் இருக்கக் கூடாது. ‘முகப்பு’, ‘பொருட்கள்’ என்று விட்டுவிட்டால் வீண். ‘பவானி ஜமுக்காளம்: 10 பேர் உட்காரும் அளவு, எடை, விலை’ என்று இருந்தால் தேடுபவர் கண்ணில் படும். ஜமுக்காளம், ஜமக்காளம் என்று ஆளுக்கொரு விதமாக அடிப்பார்கள், ஆங்கில எழுத்தில் அடிப்பவர்களும் உண்டு. பக்கத்துக்குள் இயல்பாக வரும் இடத்தில் எல்லா எழுத்து முறையையும் ஒருமுறை சேர்த்துவிடுங்கள். மெட்டா கீவேர்ட்ஸ் என்ற பெட்டியில் ஐம்பது வார்த்தைகளைத் திணிக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. படங்களுக்கும் கேமரா வைத்த எண்ணை விட்டுவைக்காமல், படத்தில் என்ன இருக்கிறதோ அதையே பெயராகவும் ஆல்ட் வரியாகவும் (படத்தை விவரிக்கும் மறைவான குறிப்பு) கொடுங்கள்.

கடை, பட்டறை என்று ஆள் வந்துபோகும் இடம் இருந்தால் கூகுள் மேப்பில் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் கட்டாயம். வெறும் ஆன்லைன் வியாபாரத்துக்குத் தரமாட்டார்கள். உறுதிசெய்ய வீடியோ கேட்டால், தெருவில் தொடங்கி, போர்டைக் காட்டி, ஷட்டரைத் திறந்து உள்ளே போகும்வரை வெட்டாமல் எடுங்கள். எங்களுக்கு இது ரொம்ப உதவுகிறது. இங்கே ஆறுகள் சேரும் கூடுதுறைக்குத் திதி கொடுக்க வருபவர்கள், ஆடிப் பதினெட்டுக்கு வருபவர்கள் எல்லாம் மேப்பைத் திறந்து பக்கத்தில் கடை தேடுவார்கள். திறக்கும் நேரம் தப்பாக இருந்தால் அத்தனை பேரும் பூட்டிய கதவைப் பார்த்துத் திட்டிவிட்டுத்தான் போவார்கள். விமர்சனம் எழுதச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை. எழுதினால் தள்ளுபடி என்று சொல்வது மட்டும் கூடாது, அது கூகுள் விதிக்கு விரோதம்.

வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பும்போது கீழே படம் வருகிறதா பாருங்கள். படமில்லாத லிங்க்கை ஏமாற்று லிங்க் என்று நினைத்து யாரும் தொடமாட்டார்கள், இந்தக் காலத்தில் அதுதான் புத்திசாலித்தனமும். ஓப்பன் கிராஃப் என்ற குறிப்பில்தான் அந்தப் படம் இருக்கும். தேடலுக்கு ஏற்றபடி தளத்தைச் சரிசெய்ய உதவும் எஸ்இஓ பிளகின்கள் பெரும்பாலானவற்றில் இதற்கு ஒரு பெட்டி உண்டு. படத்தை 300 கேபிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். பில் போடும்போதே “நம்பரை சேவ் பண்ணிக்கோங்க” என்று சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். புது ரகம் வந்தால் அனுப்புவோம். குட் மார்னிங் அனுப்பமாட்டோம்.

யூடியூபில் தறி ஓடும் வீடியோவை முழு நீளத்தில் போட்டு, விளக்கத்தின் முதல் வரியில் தள முகவரியைக் கொடுங்கள். ஷார்ட்ஸ் விளக்கத்தில் போடும் லிங்க் 2023-லிருந்து அழுத்தினால் திறக்காது. இன்ஸ்டாகிராமிலும் பதிவுக்குக் கீழே எழுதும் லிங்க் திறக்காது, பயோவில் போட்டால் திறக்கும். இவற்றுக்கு நான் அதிகம் மெனக்கெடுவதில்லை. பார்ப்பவர்கள் நிறைய, தளத்துக்கு வருபவர்கள் குறைவு.

செய்யவே கூடாத ஒன்று உண்டு. “ஆயிரம் லிங்க் தர்றோம் சார்” என்று வரும் அழைப்புகளை அப்போதே வைத்துவிடுங்கள். லிங்க் வாங்குவதும் விற்பதும் கூகுளிடம் மாட்டினால் தளம் கீழே போகும். ஊர்பேர் தெரியாத டைரக்டரிகளில் பதிவதும், கண்ட இடத்தில் கமெண்ட்டாக முகவரியை ஒட்டுவதும் வெட்டி வேலை. விக்கிப்பீடியாவில் நுழைத்துவிடலாம் என்று சிலர் கிளம்புவார்கள். அங்கிருக்கும் வெளி லிங்க்குகளுக்கு 2007-லிருந்தே நோஃபாலோ குறி இருக்கிறது, அதாவது இந்த லிங்க்கைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி. அங்கே கட்டுரைகளைத் திருத்துபவர்களும் அழித்துவிடுவார்கள்.

இதெல்லாம் செய்து முடித்த வாரமே கூட்டம் வராது, மாதங்கள் ஆகும். அதுவரை வாரம் ஒருமுறை சர்ச் கன்சோலில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து, உங்கள் தளம் நிறையப் பேர் கண்ணில் பட்டும் யாரும் அழுத்தாத தேடல்களைப் பாருங்கள். தலைப்பு சரியில்லை, அல்லது அந்தக் கேள்விக்கு உங்களிடம் பக்கமே இல்லை என்று அர்த்தம். எங்களுக்கு அப்படி வந்தது ‘ஜமுக்காளம் வாடகை’. நாங்கள் வாடகைக்கு விடுவதில்லை. ஆனாலும் ஒரு பக்கம் போட்டேன்: ஒரு விசேஷத்துக்கு எத்தனை தேவைப்படும், வாடகை எப்போது லாபம், வருடம் முழுக்க விசேஷம் நடக்கும் மண்டபமாக இருந்தால் சொந்தமாக வாங்குவது எப்போது லாபம் என்று. இப்போது அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுபவர்களில் மண்டபக்காரர்கள்தான் அதிகம். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “பார்டர்ல மண்டபத்துப் பேரை நெய்து தருவீங்களா?” அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.