இரண்டு பயிற்றுவிப்பாளர்கள், ஒரு முதுகெலும்பு: இளம் வேகப்பந்து வீச்சாளரின் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் வேகமாகப் பந்து வீசத் தொடங்கும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ஆலோசனைக்குப் பஞ்சம் இல்லை. பாடசாலையில் ஒரு பயிற்றுவிப்பாளர், மாலையில் கழகத்தில் இன்னொருவர், ஞாயிற்றுக்கிழமை உப்புவெளிக்கோ சாம்பல்தீவுக்கோ மென்பந்து ஆட்டத்துக்குக் கூட்டிப்போகும் மாமா (மென்பந்து என்றால் டென்னிஸ் பந்து), வீட்டில் அப்பா. ஒருவர் "தோளைத் திருப்பு" என்கிறார். மற்றவர் "நெஞ்சை நேரே கொண்டு வா" என்கிறார். எல்லோரும் பிள்ளைக்கு நல்லதையே நினைக்கிறார்கள். ஆனாலும் இந்த இழுபறியைப் பெற்றோர் கையாளும் விதம் பல நேரங்களில் பிள்ளையின் முதுகில் போய் விடிகிறது.

தவறுகளில் மிக ஆபத்தானது, பார்வைக்கு மிக நியாயமாகத் தெரிவதுதான்: இருவர் சொல்வதிலும் பாதிப்பாதி எடுத்துக்கொள்வது. யாருடைய மனமும் நோகாது என்பதால் பெற்றோருக்கு இது பிடித்துவிடுகிறது. வேகப்பந்து வீச்சில் இதைவிடக் கெட்ட தீர்வு இல்லை.

ஏன் என்று பார்ப்போம். பக்கவாட்டு முறையில் வீசும் வலக்கைக்காரரின் பின்கால், அதாவது வலது கால், பந்து வீசும் இடத்தில் குறுக்கே போட்ட கிரீஸ் கோட்டுக்குச் சமாந்தரமாக இறங்கும். இடுப்பும் தோளும் பக்கவாட்டில் இருக்கும். முன்நோக்கு முறையில் பின்காலின் விரல்கள் துடுப்பாட்டக்காரரை நோக்கும். இடுப்பும் நெஞ்சும் அவரை நோக்கித் திறந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் அரைவாசி திறந்த முறையும் உண்டு. இவற்றில் எதுவும் பிழையில்லை, எதிலும் வேகம் வரும். இடுப்பும் தோளும் ஒரே திசையில் இருக்க வேண்டும் என்பதுதான் பொது விதி.

இப்போது பாடசாலையில் "பின்காலை நேராக வை" என்கிறார்கள், கழகத்தில் "இடது தோளை நன்றாக உள்ளே திருப்பு" என்கிறார்கள். சொல் கேட்கும் பிள்ளை இரண்டையும் செய்வான். கால் முன்னே பார்க்கும், இடுப்பும் அதோடு போகும், தோள் மட்டும் பின்னால் முறுகும். இதற்குப் பெயர் கலப்பு முறை. பின்கால் இறங்கிய பிறகு தோள் 30 பாகைக்கு மேல் பின்னால் திரும்பினால் ஆய்வாளர்கள் அதைக் கலப்பு என்றே வகைப்படுத்துகிறார்கள். நனைந்த சாரத்தைப் பிழிவதுபோல் கீழ் முதுகு முறுகியிருக்கும் நிலையில் முன்கால் தரையில் அறைகிறது. உடல் எடையின் பல மடங்கு விசை மேலே ஏறுகிறது. வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பில், பெரும்பாலும் பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில், கீழ் முதுகு முள்ளெலும்பு விரிசல் காண்பது இப்படித்தான். இளம் வேகப்பந்து வீச்சாளர்களை நீண்ட காலம் ஆட்டத்திலிருந்து ஒதுக்கும் காயங்களில் இது முதன்மையானது.

இதை வீட்டிலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம். கைபேசியில் மெதுவோட்டக் காணொளி எடுங்கள், ஒன்று நடுவர் நிற்கும் இடத்துக்குப் பின்னாலிருந்து, ஒன்று பக்கத்திலிருந்து. பின்கால் தரையில் படும் கணத்தில் நிறுத்துங்கள். பாதம் எங்கே பார்க்கிறது, இடுப்பு எங்கே, தோள் எங்கே? மூன்றும் ஒத்திருந்து, அதன்பிறகும் தோள் பின்னால் முறுகாவிட்டால் நிம்மதி. தோள் மட்டும் விலகியிருந்தால், அந்தக் காணொளியை இரண்டு பயிற்றுவிப்பாளர்களிடமும் நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நீங்களே என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அடுத்த பெரிய தவறு, பிள்ளையைத் தூது அனுப்புவது. "சேர், கழகத்தில் வேறு மாதிரிச் சொல்லித் தந்தார்கள்" என்று ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை தன் பாடசாலைப் பயிற்றுவிப்பாளரிடம் சொல்ல முடியாது. சொன்னால் வாய்க்காரன் என்ற பெயர் வரும், சொல்லாவிட்டால் இரண்டு இடத்திலும் இரண்டு விதமாக வீசுவான். நம் ஊர் சிறியது. பயிற்றுவிப்பாளர் பெரும்பாலும் ஆசிரியராகவோ அயலவராகவோ உறவுக்காரராகவோ இருப்பார். கேட்டால் கோபிப்பாரோ என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் "சேர், நீங்கள் தோளைத் திருப்பச் சொல்வது எதைச் சரிசெய்வதற்கு?" என்று மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல பயிற்றுவிப்பாளரும் மகிழ்ந்து விளக்குவார். பாதிச் சண்டை அந்தப் பதிலிலேயே தீர்ந்துவிடும். ஒருவர் வேகத்தை எண்ணிச் சொல்லியிருப்பார், மற்றவர் பந்து கால்பக்கம் போவதைத் தடுக்கச் சொல்லியிருப்பார். மீதிக்கு ஒருவரைத் தெரிவு செய்யுங்கள்: பந்துவீச்சு முறையில் கை வைப்பவர் அவர் மட்டும். மற்றவரிடம் உடற்பயிற்சி, களத்தடுப்பு, எந்தத் துடுப்பாட்டக்காரருக்கு எங்கே வீசுவது என்று கற்க ஏராளம் இருக்கிறது. அதையும் அவரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவதே மரியாதை.

மென்பந்து விடயத்தில் முரண்பாடு என்று தோன்றுவது பல நேரம் முரண்பாடே இல்லை. டென்னிஸ் பந்து 60 கிராமுக்கும் குறைவு. ஆண்களுக்கான கடினப்பந்து 156 முதல் 163 கிராம் வரை. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. தையலை நிமிர்த்திப் பிடிப்பது, நல்ல லெங்தில், அதாவது பந்து குத்தும் சரியான தூரத்தில், தொடர்ந்து போடுவது எல்லாம் கடினப்பந்துக்கு உயிர். தையலே இல்லாத டென்னிஸ் பந்தில் காலடியில் குத்தும் யோர்க்கரும் வேக மாற்றமும்தான் பிழைக்க வைக்கும். மாமா சொன்னதும் சரி, சேர் சொன்னதும் சரி. எந்தப் பந்துக்கு எந்தப் பாடம் என்று பிள்ளைக்குப் பிரித்துக் காட்டுங்கள்.

விவாதம் முற்றும்போது யாராவது, கையைப் பக்கவாட்டில் தாழ்த்திச் சுழற்றி வீசிய இலங்கை வேகப்பந்து வீச்சாளர் லசித் மாலிங்கவை இழுப்பார்கள். "அவரை யார் திருத்தினார்கள்? விடுங்கள், பிள்ளை இயல்பாக வீசட்டும்." காலிக்கு அருகே ரத்கமவில் மென்பந்து ஆடி வளர்ந்த அவருடைய கையை மாற்றாமல் விட்டது உண்மைதான். ஆனால் அந்த முடிவை எடுத்தவர் சம்பக்க ராமநாயக்க என்ற முன்னாள் டெஸ்ட் வேகப்பந்து வீச்சாளர். பார்த்து, ஆராய்ந்து, பொறுப்பேற்று, அந்தக் கையோடு உழைத்தார். யாரும் கவனிக்காமல் விடுவது வேறு, கவனித்தபின் மாற்றாமல் விடுவது வேறு.

எந்த மாற்றத்தையும் போட்டி வாரத்தில் தொடங்க வேண்டாம். அடுத்த ஆட்டத்தின் விக்கெட்டுகளை வைத்து அதை அளக்கவும் வேண்டாம். புதிய முறை படியும்வரை பந்து தடம் மாறித்தான் போகும்.

முறையைப் பற்றி இவ்வளவு வாதிடும் பெரியவர்கள், ஓவர்களைக் கூட்டிப் பார்ப்பதில்லை. பாடசாலையில் அளவோடுதான் வீச வைக்கிறார்கள், கழகத்திலும் அளவோடுதான். கூட்டினால் அளவு எங்கோ போய்விடுகிறது. இங்கிலாந்து கிரிக்கெட் சபை 15 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளருக்குத் தொடர்ச்சியாக 6 ஓவர், ஒரு நாளைக்கு 12 ஓவர் என்று எல்லை வைத்திருக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களின் வெயிலில், சீமெந்தின் மேல் விரித்த மெட்டிங் விக்கெட்டில் ஓடிவந்து வீசும் நம் பிள்ளைகளுக்கு அதுவே தாராளம். வீட்டு நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் எத்தனை பந்து என்று எழுதுங்கள். மென்பந்தையும் சேர்த்தே எழுதுங்கள். பந்து இலேசானாலும் முன்கால் இறங்குவது அதே வேகத்தில்தான். வாரக் கணக்கைப் படம் எடுத்து இருவருக்கும் அனுப்பிவிட்டால் "இன்னும் வீசட்டும்", "ஓய்வு கொடுங்கள்" என்ற வாதம் எண்களின் மேல் நடக்கும்.

அவுஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பாட் கமின்ஸ் 2011 நவம்பரில், 18 வயதில், ஜொஹன்னஸ்பேர்க்கில் முதல் டெஸ்ட் ஆடினார். முதுகு விரிசல் உள்ளிட்ட காயங்களால் அடுத்த டெஸ்டுக்கு 2017 மார்ச் வரை காத்திருந்தார். ஒரு நாட்டின் முழு மருத்துவக் குழுவும் பின்னால் நின்ற ஒருவருக்கே அவ்வளவு காலம் பிடித்தது.

ஆகவே கீழ் முதுகில் ஒரு பக்கமாக வலி, பின்னால் வளைந்தால் கூடுகிறது, ஓய்வில் தணிந்து வீசத் தொடங்கியதும் திரும்புகிறது என்றால் எந்தப் பயிற்றுவிப்பாளரிடமும் கருத்துக் கேட்காதீர்கள். அன்றே பந்துவீச்சை நிறுத்தி வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். "வேகப்பந்து வீசும் பிள்ளை" என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஆரம்ப நிலை விரிசல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகக்கூடும். எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள். முடிவு வரும்வரை துடுப்பெடுத்தாடுவதா, களத்தில் நிற்பதா என்பதையும் அவரே சொல்லட்டும்.