'டாக்ஸிக்', 'நார்சிஸிஸ்ட்' இல்லாம மனசுல பட்ட காயத்தை எப்படி சொல்றது

பெங்களூர்ல நம்ம பசங்க பொண்ணுங்க பிரேக்கப் பத்தி பேச ஆரம்பிச்சா உடனே 'அவன் நார்சிஸிஸ்ட்' (தன்னைத் தவிர யாரையும் மதிக்காதவன்), 'அவ டாக்ஸிக்' (கூட இருந்தாலே மனசைக் கெடுக்கிறவ)னு வந்துடுது, ஆனா என்னதான் நடந்துச்சுன்னு கேக்குறவங்களுக்கு கடைசி வரைக்கும் புரியாது.

முதல்ல நடந்ததை அப்படியே சொல்லுங்க. "சில்க் போர்டு ட்ராஃபிக்ல மாட்டிக்கிட்டேன்னான், ஆனா கோரமங்களால பிரெண்ட்ஸோட இருந்தான், கேட்டா நீ சந்தேகப்பிராணின்னு கத்துறான்". இதுலயே பொய்யும் இருக்கு அவமானமும் இருக்கு, பட்டப்பேரே வேணாம். அப்புறம் உங்களுக்கு என்ன ஆச்சு, தூக்கம் போச்சா, சோறு இறங்கலையா, அதை சொல்லுங்க.

'கேஸ்லைட்டிங்'னும் சட்டுனு சொல்லிடாதீங்க. ஒரு தடவை பொய் சொன்னா அது வெறும் பொய், அவ்ளோதான். திரும்பத் திரும்ப பேசிப் பேசி உங்க ஞாபகத்தையே நீங்க நம்ப முடியாம பண்றதுதான் கேஸ்லைட்டிங். நார்சிஸிஸ்டிக் பெர்சனாலிட்டி டிஸார்டர்ங்கிற ஆளுமைக் கோளாறுன்னா, மனநல டாக்டர்கள் பாக்குற டிஎஸ்எம்-5ங்கிற கையேடு படி 9 அறிகுறில குறைஞ்சது 5 இருக்கணும், அதையும் மனநல டாக்டர் ஆளை நேர்ல பாத்துதான் சொல்லணும், ரீல்ஸ் பாத்துட்டு நாம சொல்லக் கூடாது ப்ளீஸ்.

ஆனா அடி, மிரட்டல், சம்பளத்தைப் பிடுங்குறதுன்னு இருந்தா தயங்காதீங்க, வன்முறைன்னே சொல்லுங்க. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல பொண்ணுங்களை வார்த்தையால நோகடிக்கிறதும், காசை முடக்குறதும் கூட வருது. மனசு தாங்கலைன்னா டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண் 14416க்கு போன் பண்ணுங்க, இலவசம்தான், தமிழ்லயே பேசலாம். நேர்ல பாக்கணும்னா ஓசூர் ரோட்டுல நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கு.