புரையேறினால் தலையில் தட்டாதீர்கள்

பக்கவாதம் வந்து படுத்திருந்த அப்பாவுக்குச் சாப்பிடும்போதெல்லாம் புரையேறியது. "யாரோ நினைக்கிறாங்க" என்று அம்மா உச்சந்தலையில் தட்டுவார். பாம்பனில் எங்கள் தெருவே அவரைப் பார்க்க வந்து போன நாட்கள் என்பதால் அந்தப் பேச்சு பொருத்தமாகத்தான் பட்டது. நாலாம் நாள் காய்ச்சல், நெஞ்சு நிறையச் சளி. சோறும் தண்ணீரும் நுரையீரலுக்குள் இறங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோதுதான் நாங்கள் செய்த தவறெல்லாம் புரிந்தது.

குரல்வளை மேல் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள், அது ஏறி இறங்கும். தொண்டையில் முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய். கவளம் வந்ததும் குரல்வளை எழும்பி அதன் மூடி கவிழ்கிறது, மூச்சும் நின்றுகொள்கிறது. எல்லாம் ஒரு நொடிக்குள். பக்கவாதத்திலும் நடுக்குவாதத்திலும் இந்த வேலை பிந்திவிடுகிறது. மூடி கவிழும் முன்பே உள்ளே ஓடிவிடுவது தண்ணீர்தான்.

நாங்கள் நேர்மாறாக நினைத்தோம். கெட்டியானது அடைக்கும், தண்ணீர் சுலபமாக இறங்கும் என்று வாய் கோணிய அன்றே செம்பை நீட்டினோம். பக்கவாத அறிகுறி தெரிந்தால், விழுங்க முடிகிறதா என்று மருத்துவமனையில் சோதிக்கும்வரை தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வாயில் போகக்கூடாது. அதிலும் அப்பா கடலுக்குப் போனவர், வாய் படாமல் அண்ணாந்து குடித்தே பழகியவர். தலையைப் பின்னால் சாய்த்தால் மூச்சுக்குழாய்க்கு வழி இன்னும் திறந்துகொள்கிறது. அவர் செம்பைத் தூக்கும்போது கையைப் பிடித்து நிறுத்துவது எனக்குப் பெரிய பாடாக இருந்தது.

நாங்கள் செய்த அடுத்த தவறு நீராகாரம். சோற்றுப் பருக்கையை நாக்கு கவனிப்பதற்குள் நீர் தொண்டைக்கு ஓடிவிடும். விழுங்கும் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்ட் அப்பாவைச் சோதித்துவிட்டு, கட்டியில்லாத கெட்டிக் கேப்பைக்கூழை அரை ஸ்பூனாகக் கொடுக்கச் சொன்னார். நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி. இது அப்பாவுக்குச் சொன்னது, எல்லாருக்கும் பொருந்தாது. ஆனால் படுத்தபடியோ அரைத்தூக்கத்திலோ யாருக்குமே ஊட்டக்கூடாது. சாப்பிட்டு அரைமணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும்.

கொஞ்சம் தேறியதும் மீன் கேட்டார். சூடையும் காரலும் முள் காடு. அம்மா பாறை மீன் சதையை உதிர்த்து, விரலால் இரண்டு முறை தடவி முள் பார்த்து, குழம்பில் மசித்துக் கொடுத்தார். முள் என்றதும் இன்னொன்று: நல்ல உடம்புக்காரர் தொண்டையில் முள் சிக்கினால் சோற்று உருண்டையை விழுங்கச் சொல்கிறோமே, அது முள்ளை இன்னும் ஆழத்தில் குத்திவிடும். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் எடுத்துவிடுங்கள்.

சரி, இருமல் இல்லையென்றால் பயமில்லையா? அப்படியில்லை. உணர்ச்சி மரத்த தொண்டையில் சத்தமே இல்லாமல் உள்ளே போகும். சாப்பிட்டதும் குரலில் நீர் தேங்கிய மாதிரி கரகரப்பு, கன்னத்தில் ஒதுங்கிய சோறு, திரும்பத் திரும்பக் காய்ச்சல் இவற்றைக் கவனியுங்கள்.

வாயால் விழுங்க முடியாதவருக்கு உணவு செலுத்த மூக்கில் டியூப் போட்டால் "இனி அவ்வளவுதான்" என்று அழுதுகொண்டே, யாரும் பார்க்காதபோது வாயிலும் ஊட்டிவிடுகிறோம். பாசம்தான், ஆனால் ஆபத்து. பலருக்குச் சில வாரங்களில் விழுங்கும் திறன் திரும்பி டியூபை எடுத்துவிடுகிறார்கள். டியூப் இருந்தாலும் வாயைத் தினமும் சுத்தம் செய்யவேண்டும், அழுக்கு வாயின் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குப் போகும். மாத்திரையை நீங்களாக இடித்துக் கொடுக்காதீர்கள், சில மாத்திரைகளை உடைக்கவே கூடாது.

பக்கவாதமே இல்லாமல், முதலில் இட்லி நெஞ்சில் நிற்கிறது, பிறகு கஞ்சியும் நிற்கிறது என்றால் உணவுக்குழாய் சுருங்கியிருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். வாய்வு என்று சோடா குடித்து நாளைக் கடத்தாமல் எண்டோஸ்கோப்பி பார்த்துவிடுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது "விழுங்குறதைச் சோதிச்சாச்சா, என்ன பக்குவத்துல சாப்பாடு குடுக்கணும்?" என்று நாமே கேட்கவேண்டும். அப்பாவை அழைத்து வந்தபோது நாங்கள் மாத்திரைச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டோம்.